எரித்துப் பார்த்து விலை சொல்! கணக்குப் போட்டுக் கழிக்காதே!



இந்த நோட்டீஸ் எண்ணெயைப் பற்றியது. அதைவிட, நம் எண்ணெய்க்கு எவனோ போடுகிற எண்ணைப் பற்றியது. நிதானமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

போன பருவத்தில் ஏரிக்கரையிலும் ரோட்டோரத்திலும் பொறுக்கிய புங்கங்கொட்டையை நம் பெண்கள் காயவைத்து, உடைத்து, மில்லில் ஆட்டி எண்ணெயாகக் கொடுத்தார்கள். பயோடீசலுக்கு வாங்குகிற கம்பெனியின் ஏஜெண்ட் வந்து எடுத்துப் போனார். எடையில் தகராறு இல்லை. பத்து நாள் கழித்துப் பணம் வந்தபோது கிலோவுக்கு 4 ரூபாய் பிடித்தம். ஏன் என்று கேட்டதற்கு ஒரு சீட்டை நீட்டினார். "அடிப்படை 9,200. உங்க எண்ணெய் 8,600. கலோரி கம்மி." கலோரி கம்மின்னா என்னங்க என்று கேட்ட அம்மாவுக்கு, "அது கம்ப்யூட்டர் போட்டதும்மா, எங்களுக்கே தெரியாது" என்று பதில்.

கணக்கு தெரியாதாம். பிடித்தம் மட்டும் தெரியுமாம்!

அந்தக் கணக்கை நாமே தெரிந்துகொள்வோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் மிதக்கப் பார்த்தவர்களுக்கு இது தாராளமாக விளங்கும்.

கலோரியை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அது ஒரு கிலோ கலோரி. ஒரு கிலோ எண்ணெயை மிச்சம் இல்லாமல் எரித்தால் எத்தனை கிலோ கலோரி வருகிறதோ, அதுதான் அந்த எண்ணெயின் வெப்ப மதிப்பு. ஆயில் இன்ஜின் இழுப்பதும் டிராக்டர் உழுவதும் இந்த வெப்பத்தில்தான். லிட்டர் என்பது பாத்திரத்தின் அளவு. உள்ளே இருக்கும் சரக்கு, வெப்பம்.

இதை அளக்கிற கருவிக்குப் பெயர் பாம்ப் கலோரிமீட்டர். பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். கனமான எஃகுக் குடுவை ஒன்று. அதற்குள் சின்னக் கிண்ணத்தில் ஒரு கிராம் அளவுக்கு எண்ணெய். மூடித் திருகி, காற்றழுத்தத்தைப் போல 25, 30 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றுகிறார்கள். குடுவையை இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ள வாளியில் இறக்கி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் மின்சாரம் விட்டால் எண்ணெய் பொசுக்கென்று எரிந்துவிடும். வாளித் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியது என்று தெர்மாமீட்டர் சொல்லும். நல்ல எண்ணெய் ஒரு கிராம் எரிந்தால் நான்கு டிகிரி போல ஏறும். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வெப்ப மதிப்பு முன்பே தெரிந்த பென்சாயிக் அமிலத்தை எரித்துச் சரிபார்ப்பார்கள். எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிற மாதிரிதான். ஒரே எண்ணெயை ஒரே ஆள் இரண்டு தடவை எரித்தால் கிலோவுக்கு 30 கிலோ கலோரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. வந்தால் மறுபடி எரிக்க வேண்டும்.

இப்படி எரித்துப் பார்த்தால் கடலை எண்ணெய்க்கு 9,500 கிலோ கலோரியை ஒட்டி வரும். டீசலுக்கு 10,800-க்கு மேல் வரும். ஏன் இந்த வித்தியாசம்? டீசலில் ஆக்சிஜன் இல்லை. தாவர எண்ணெயிலும் அதிலிருந்து செய்கிற பயோடீசலிலும் எடையில் 11 சதவீதம் போல ஆக்சிஜன் முன்பே சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் எரிந்து அணைந்த விறகு மாதிரி. அந்தப் பங்கு எடைக்கு நிற்கும், வெப்பம் தராது. இது இயற்கை. எந்த விவசாயியின் குற்றமும் இல்லை.

அந்த 600 எங்கே போனது?

இங்கேதான் சூட்சுமம். எண்ணெய் எரிந்தால் நீராவி உண்டாகிறது. குடுவைக்குள் அந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகி, தன்னிடம் இருந்த வெப்பத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதையும் சேர்த்துச் சொன்னால் மொத்த வெப்ப மதிப்பு. இன்ஜினில் அந்த ஆவி புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும். அதைக் கழித்துச் சொன்னால் நிகர வெப்ப மதிப்பு. சாக்கோடு எடை, சாக்கு நீக்கி எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாவர எண்ணெயில் இந்தச் "சாக்கின்" எடை எவ்வளவு? கிலோவுக்குச் சுமார் 600 கிலோ கலோரி.

சீட்டில் இருந்த இரண்டு எண்ணையும் திரும்பப் பாருங்கள். 9,200, 8,600. வித்தியாசம் 600! அடிப்படையைச் சாக்கோடு எழுதிவிட்டு, நம் எண்ணெயைச் சாக்கு நீக்கி எழுதினால் சரியாக இந்தப் பிடித்தம்தான் வரும். அப்படித்தான் செய்தீர்களா என்று சங்கத்தின் சார்பில் எழுதிக் கேட்டோம். மொத்தமா, நிகரமா? ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். இன்றுவரை வரவில்லை.

இதே சூத்திரத்தைத் திருப்பியும் போடலாம். பயோடீசல் விற்கிறவன் தன் சரக்குக்கு மொத்த மதிப்பையும் டீசலுக்கு நிகர மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், "டீசலுக்குக் கொஞ்சம்தான் கம்மி" என்று நோட்டீஸ் அடிக்கலாம். வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படி என்று வியாபாரிகள் வைத்திருந்த காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

எரிக்காமலே எண் சொல்கிறார்கள்!

இன்னொரு கேள்வியும் கேட்டோம். நம் எண்ணெயை உண்மையிலேயே எரித்துப் பார்த்தீர்களா? "கம்ப்யூட்டர் போட்டது" என்றால் எரிக்கவில்லை, கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படிக் கணக்குப் போட வழி இருக்கிறது, அதை நாம் மறுக்கவில்லை. பாலில் எஸ்.என்.எஃப். எப்படி வருகிறது? பாலை வற்றக் காய்ச்சி எடை போட்டா சொல்கிறார்கள்? லாக்டோமீட்டர் அளவையும் கொழுப்பையும் வைத்து ஒரு கூட்டல் கணக்கு. எண்ணெய்க்கும் அப்படி உண்டு. ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் காஸ்டிக் பொட்டாஷ் பிடிக்கிறது என்பது சோப்பு எண். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை இழுக்கிறது என்பது அயோடின் எண். துருக்கி நாட்டு விஞ்ஞானி டெமிர்பாஸ் 1998-ல் இந்த இரண்டையும் வைத்து ஒரு வாய்ப்பாடு கொடுத்தார். நம் அலகில் சொன்னால் இப்படி: 11,814-ஐ எடுத்துக்கொள். சோப்பு எண்ணை 9.8-ஆல் பெருக்கிக் கழி. அயோடின் எண்ணை 3.6-ஆல் பெருக்கிக் கழி. மிச்சம் இருப்பது மொத்த வெப்ப மதிப்பு.

கடலை எண்ணெய்க்குப் போட்டுப் பாருங்கள். சோப்பு எண் 190, அயோடின் எண் 95 என்று வைத்தால் 9,610 வரும். எரித்தால் வருவதும் அதை ஒட்டித்தான், ஒரு சதவீதம் முன்னே பின்னே. பள்ளிக்கூடப் பையன் போடக்கூடிய கணக்கு. நல்ல கணக்குதான்.

ஆனால் ஆமணக்குக்குப் போட்டுப் பாருங்கள். சோப்பு எண் 180, அயோடின் எண் 85. கணக்கு 9,740 என்கிறது. எரித்துப் பார்த்தால் 8,900-ஐ ஒட்டித்தான் வருகிறது. 800 கிலோ கலோரி தப்பு! காரணம், ஆமணக்கு எண்ணெயில் மற்ற எண்ணெயில் இல்லாத கூடுதல் ஆக்சிஜன் ஒரு கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சோப்பு எண்ணிலும் தெரியாது, அயோடின் எண்ணிலும் தெரியாது. கணக்குக்குக் கண் இல்லை. எந்தெந்த எண்ணெயை எரித்துப் பார்த்து அந்தக் கணக்கைக் கட்டினார்களோ, அந்த ஜாதி எண்ணெய்க்குத்தான் அது பொருந்தும். நம் ஏரிக்கரைப் புங்கனுக்குப் பொருந்துகிறதா என்று எரித்துப் பார்த்தால்தானே தெரியும்? கணக்கில் கூடுதலாக வந்த வருடம் ஏஜெண்ட் கூட்டிக் கொடுத்ததாக நம்மில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

இன்னும் ஒன்று. எண்ணெயில் ஈரம் இருந்தால் வெப்பம் குறையும், உண்மை. நூற்றுக்கு இரண்டு தண்ணீர் இருந்தால் வெப்பமும் நூற்றுக்கு இரண்டு போகும். சட்டியில் காய்ச்சினாலே சடசடவென்று வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஈரத்துக்குப் பிடிக்கட்டும், நாம் தகராறு செய்யவில்லை. ஈரம் என்று எழுதிப் பிடிக்கட்டும். ஆனால் மண்ணெண்ணெயோ கழிவு ஆயிலோ கலந்தால் என்ன ஆகும் தெரியுமா? கலோரி ஏறும்! அதில் ஆக்சிஜன் இல்லையே. சோப்பு எண்ணும் இறங்குவதால் கணக்கிலும் ஏறும். சுத்தமான எண்ணெய் கொடுத்த அம்மாவுக்கு 4 ரூபாய் பிடித்தம், கலப்படம் செய்தவனுக்கு நல்ல மார்க். இந்த லட்சணத்தில் இருக்கிறது "கலோரி கம்மி" நியாயம்.

நிலக்கரிக்கு ஒரு நியாயம், புங்கனுக்கு ஒரு நியாயமா?

எரித்து அளப்பது நடக்காத காரியம் என்று சொல்ல வருவார்கள். நிலக்கரியைப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தியாவில் நிலக்கரிக்கும் கணக்குப் போட்டுத்தான் தரம் பிரித்தார்கள். 8,900-லிருந்து, சாம்பல் சதவீதத்தையும் ஈரச் சதவீதத்தையும் கூட்டி 138-ஆல் பெருக்கிக் கழி, அதுதான் உபயோக வெப்பம் என்று ஒரு வாய்ப்பாடு. 2012 ஜனவரி முதல் அதை விட்டுவிட்டு மொத்த வெப்ப மதிப்புக்கு மாறினார்கள். 300 கிலோ கலோரிக்கு ஒரு படி என்று 17 தரம். தரத்துக்குத் தரம் விலை. மின்நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் தகராறு வந்ததால் மாதிரி எடுக்க மூன்றாவது தரப்பையும் நிறுத்தினார்கள். டெல்டாவில் பூமியைத் துளைத்து எடுக்கிற எரிவாயுவுக்கும் விலை வெப்ப அலகில்தான் பேசுகிறார்கள், 10 லட்சம் பி.டி.யு.வுக்கு இத்தனை டாலர் என்று. பெரிய கம்பெனியும் பெரிய கம்பெனியும் கொடுக்கல் வாங்கல் செய்தால் எரித்துப் பார்த்து விலை. கொட்டை பொறுக்கினவளிடம் வாங்கினால் கம்ப்யூட்டர் சீட்டு!

அடிப்படை எண்ணை நகர்த்துகிற வேலையும் நமக்குப் புதிதல்ல. கரும்பில் என்ன செய்தார்கள்? 2017-18-ல் 9.5 சதவீத ரெக்கவரிக்கு டன்னுக்கு 2,550 ரூபாய். 2018-19-ல் 2,750, ஆனால் ரெக்கவரி 10 சதவீதமாக இருக்க வேண்டும். டன்னுக்கு 200 ரூபாய் கூட்டினோம் என்று பேப்பரில் வந்தது. பழைய அளவில் பார்த்தால் கூடியது 66 ரூபாய். 2022-23-ல் அடிப்படை மறுபடி நகர்ந்து 10.25 ஆனது. விலையைக் குறைக்காமலே விலையைக் குறைக்கும் வித்தை இது. 9,200 என்று இன்று எழுதியவன் நாளைக்கு 9,500 என்று எழுதமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

காட்டாமணக்கை மறக்க முடியுமா?

2003-ல் திட்டக் குழுவின் கமிட்டி, கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு நட்டு, 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. 2006 ஜனவரி முதல் லிட்டர் 25 ரூபாய்க்குப் பயோடீசல் கொள்முதல் என்றார்கள். தரிசுக்கு ஏற்ற பயிர், தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது, எண்ணெயில் இவ்வளவு கலோரி என்று ஊர் ஊராகப் பிரசாரம். கலோரி சொன்னதில் பொய் இல்லை. காட்டாமணக்கு எண்ணெய் நன்றாகவே எரியும். கலோரி இருந்தது, காய் இல்லை! மானாவாரியில் செடி நின்றது, காய்க்கவில்லை. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நான்கு கிலோ விதை போல வேண்டும். 25 ரூபாயில் விதைக்கு என்ன மிஞ்சும்? நட்டவர்கள் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். 2009-ல் ஒரு கொள்கை, 2017-க்குள் 20 சதவீதம் என்று. 2018-ல் இன்னொரு கொள்கை, 2030-க்குள் 5 சதவீதம் என்று. 2024 வரை நாடு முழுக்க 1 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் கடலை போட்டவனுக்கு அதில் ஒரு பைசா வரவில்லை என்பது தனிக் கதை.

ஏக்கருக்கு எத்தனை கலோரி, அதில் விவசாயிக்கு எத்தனை ரூபாய் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. கிலோவுக்கு எத்தனை கலோரி என்பது ஆலைக்காரன் கேள்வி. புங்கனில் பிண்ணாக்கும் இருக்கிறது, நல்ல உரம். கொட்டையாக வாங்கிப் போகிறவன் பிண்ணாக்கையும் சேர்த்துத்தான் வாங்கிப் போகிறான். அதற்குச் சீட்டில் ஒரு வரி உண்டா?

நமக்கு விற்கும்போது?

இனி மறுபக்கம். டீசலுக்கு நிகர மதிப்பில் கிலோவுக்கு 10,200, பயோடீசலுக்கு 8,900 என்று வைத்துக்கொள்வோம். பயோடீசல் கொஞ்சம் கனம், லிட்டருக்கு 880 கிராம். டீசல் 830 கிராம் போல. ஆக லிட்டர் கணக்கில் வித்தியாசம் 7, 8 சதவீதம். மணிக்கு ஒரு லிட்டர் டீசல் குடிக்கிற 5 எச்.பி. ஆயில் இன்ஜினை எட்டு மணி நேரம் முழுப் பயோடீசலில் ஓட்டினால் அரை லிட்டருக்கு மேல் கூடுதலாகக் குடிக்கும். டீசல் லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால், அதே வெப்பத்துக்குப் பயோடீசல் 92, 93 ரூபாய்தான் பெறும். 5 சதவீதம் மட்டும் கலந்தால் வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கம்மி, இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது. இல்லாததை ஊதிப் பெரிதாக்க நமக்கு அவசியம் இல்லை.

பெட்ரோலில் கலக்கிற எத்தனால் அப்படி இல்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலில் உண்டு. 20 சதவீதம் கலந்தால், பழைய பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் 6, 7 சதவீதமும் இருசக்கர வண்டிகளில் 3, 4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் அறிக்கையே 2021-ல் எழுதியது. எத்தனால் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் கரும்பும் மக்காச்சோளமும் அதற்குப் போகிறது. நாம் கேட்பது, பங்க்கில் லிட்டருக்கு எத்தனை கலோரி என்று ஏன் எழுதி வைக்கவில்லை என்பதுதான். பயோடீசலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15607-ல் அடர்த்தி, ஈரம், பாஸ்பரஸ், மெத்தனால் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. வெப்ப மதிப்புக்கு வரம்பே இல்லை! ஐரோப்பாவில் வீடுகளைச் சூடாக்கும் பயோடீசலுக்கு 2003-லேயே ஒரு குறைந்தபட்ச அளவு வைத்தார்கள், கிலோவுக்கு 8,360 கிலோ கலோரி போல. நம்மிடம் வாங்கும்போது கலோரி பார்ப்பார்கள், நமக்கு விற்கும்போது லிட்டர் பார்ப்பார்கள்.

நாம் கேட்பது இதுதான்

கலோரிக்குப் பிடித்தம் என்றால் எரித்துப் பார்த்த சீட்டு வேண்டும். எந்த ஆய்வகம், எந்தத் தேதி, மொத்தமா நிகரமா என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். எண்ணெய் எடுக்கும்போதே விற்பவர் முன்னிலையில் மூன்று பாட்டிலில் மாதிரி எடுத்து அரக்கு முத்திரை வைக்க வேண்டும்: ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று நமக்கு, ஒன்று வேளாண் பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்கு. தகராறு வந்தால் மூன்றாவது பாட்டில் பேசட்டும். வாய்ப்பாட்டில்தான் போடுவேன் என்றால் அந்த வாய்ப்பாட்டைக் கொள்முதல் இடத்தில் போர்டில் எழுதி வைக்கட்டும். கணக்கும் எரிப்பும் ஒத்துப்போகிறதா என்று பருவத்துக்கு ஒரு முறை நம் முன்னால் காட்டட்டும். பருவம் தொடங்கிய பிறகு அடிப்படை எண்ணை மாற்றக் கூடாது. அடிப்படைக்குக் கீழே பிடித்தம் உண்டென்றால் மேலே போனால் கூடுதல் உண்டு. பயோடீசல் விற்கிற இடத்தில் லிட்டருக்கு இத்தனை கலோரி என்று விலைப் பலகையில் போட வேண்டும். போன பருவம் பிடித்த 4 ரூபாயை, சீட்டு காட்ட முடியாவிட்டால், திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதற்காக, அடுத்து வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று காலை 10 மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு கூடி, பிறகு உள்ளே போய் மனு கொடுக்கிறோம். வருகிறவர்கள் அவரவர் வீட்டில் இருக்கும் புங்கன், வேம்பு, ஆமணக்கு எண்ணெய் கால் லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுவாருங்கள். பாட்டில் நன்றாகக் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம். பெயர், ஊர், கொட்டை பொறுக்கிய இடம், ஆட்டிய தேதி எழுதிச் சீட்டு ஒட்டுங்கள். பிடித்தம் போட்ட சீட்டு கையில் இருப்பவர்கள் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள், ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். பாட்டில்களை ஆட்சியர் மேஜையில் வரிசையாக வைத்து, இதை எரித்துப் பார்க்க உத்தரவு போடுங்கள் என்று கேட்போம். பஸ் காசுக்குச் சிரமப்படுகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலத்துக்குள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள், வேன் ஏற்பாடு இருக்கிறது.